பிரிந்து செல்லும் உரிமை

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் சர்வதேசச் சட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று இவ்விதழைப் படிக்கும் நண்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், நாடு என்பது யாது, அதன் உறுப்புக்கள் எவை, ஆள்வோனுக்கும் குடிகளுக்கும் இடையேயுள்ள கடப்பாடு எத்தகையது என்பனவற்றை யான் முதன்முதலிற் கற்றது தமிழ் நூல்களிலேயே யாகும். திருவள்ளுவர் அரசின் உறுப்புக்கள் ஆறு என எண்ணினார். குடியும் படையும் பொருளும் அமைச்சும் நட்பும் அரணும் நிரம்பப் பெற்றவனே அரசருட் சிறந்தவன் என்பது அவர் கருத்து. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் நாள், தென்னமெரிக்காவிலுள்ள மாண்டிவிடியோ நகரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையோ, நாட்டிற்கு உறுப்புக்கள் நான்கு என்கிறது. நிலையான குடிகள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல் என்பன அவை. இரண்டு பட்டியலையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்குக் குடியும் நட்பும் இரண்டிலும் இருத்தல் விளங்கும். படையும் பொருளும் பின்னதில் தனியே எண்ணப்படவில்லை. ஆனால் உறுப்புக்களுள் ஒன்று உடலைவிட்டுப் பிரிய விரும்பினால் செய்யத்தக்கது யாது என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். ஒரு நாட்டின் ஒரு பகுதியில் வாழும் மக்கள், "இனி உங்களோடு ஓராட்சியின்கீழ் வாழோம், தனியே செல்வோம்" என்று கூறின், அவ்வாறு செல்ல அவர்களுக்கு உரிமை உண்டா? உண்டெனின் அதனை அளிப்பவர் யார்? இல்லையெனின் அவர்கள் குறையைக் கேட்பவர் யார்? 1945-இல் ஐக்கிய நாடுகள் சபை தொடங்கியபோது 51 நாடுகள் அதன் உறுப்பினராயிருந்தன. இன்று 193 நாடுகள் உள்ளன. இவ்வளர்ச்சியிற் பெரும்பகுதி அந்நிய ஆட்சி நீங்கியதனால் வந்தது. மற்றொரு பகுதி ஒன்றாயிருந்த நாடுகள் பலவாய்ப் பிரிந்ததனால் வந்தது. அப்பிரிவுகளிற் சில கையொப்பத்தால் முடிந்தன. சில இரத்தத்தால் முடிந்தன. ஆதலின் இது சட்டம் பயில்வோர்க்கு மாத்திரம் உரிய பொருளன்று.

இவ்வினா நம் வேதாகமத்துக்கும் புதியதன்று. இராஜாக்களின் முதலாம் புத்தகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியிற் கேளாதார் நம்மிற் சிலரே இருப்பர். சாலொமோன் இறந்தபின் அவன் மகன் ரெகொபெயாமை முடிசூட்டுவதற்கு மக்கள் சீகேமிற் கூடினர். தந்தை சுமத்திய பாரமான நுகத்தைச் சிறிது இலகுவாக்கினால் உமக்குப் பணிந்திருப்போம் என்பதே அவர்கள் வேண்டுகோள். பிரிந்து போவோம் என்று அவர்கள் தொடக்கத்திற் கூறவில்லை என்பதைக் கருதுக. முதியோர் தணிந்து பேசும்படி அறிவுரை கூறினர். உடன் வளர்ந்த வாலிபரோ கடுமையாகப் பேசும்படி தூண்டினர். அரசன் வாலிபர் சொற்கேட்டான். பத்துக் கோத்திரங்களை இழந்தான். அவன் வரி வாங்க அனுப்பிய அதிகாரி கல்லெறியுண்டு மாண்டான். பின்னர் அரசன் 1,80,000 போர்வீரரைத் திரட்டினான். அப்பொழுது செமாயா என்னும் தேவமனிதர் தோன்றி, உங்கள் சகோதரரோடு போர் செய்யாதிருங்கள் என்று தடுத்தார். படை திரும்பிச் சென்றது.

கதை இவ்வளவில் முடிந்திருப்பின் பிரிந்தவர் பக்கமே நீதி என்று நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் பிரிந்தவர்களின் அரசனாகிய யெரொபெயாம், தன் குடிகள் எருசலேமுக்குத் தொழச் சென்றால் மனம் மாறிவிடுவர் என்றஞ்சி, பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டிகளை நிறுத்தினான். குறையைக் கேளாத அரசன், சகோதரர் மேல் எழுந்த படை, பிரிந்தபின் தன் குடிகளையே நம்பாத புதிய அரசன் என்னும் இம்மூன்றும் இக்கதையில் உள்ளன. பிற்கால நாடுகளின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இம்மூவரும் வேறு வேறு பெயரோடு என் கண்முன் வருகின்றனர்.

நிற்க. சட்டம் சொல்லுவது யாது என்பதை இனி நோக்குவோம். ஐக்கிய நாடுகளின் சாசனம் தன் முதற்பிரிவிலேயே மக்களினங்களின் சுயநிர்ணயத்தைக் குறிப்பிடுகிறது. 1960-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் பொதுச்சபை நிறைவேற்றிய பிரகடனம், அந்நியர் ஆட்சிக்குட்பட்ட மக்கள் யாவர்க்கும் சுதந்திரம் உரியது என்று முழங்குகிறது. ஆனால் ஒரு நாட்டின் ஒற்றுமையையும் நில ஒருமையையும் சிதைக்கும் முயற்சி சாசனத்துக்கு முரண் என்றும் அதே மூச்சிற் கூறுகிறது. 1970-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் வெளியான மற்றொரு பிரகடனம், மக்கள் அனைவர்க்கும் வேறுபாடின்றிப் பிரதிநிதியாய் நிற்கும் அரசாங்கத்தையுடைய நாட்டின் ஒருமை காக்கப்படும் என்னும் கருத்தை அமைத்தது. அவ்வாறு பிரதிநிதியாய் நில்லாத அரசாங்கத்தின் நிலை யாது என்பதை அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. அச்சொல்லாத இடத்திலேயே அறிஞர் பலர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்று வாதிடுகின்றனர்.

சுருங்கக் கூறின், குடியேற்ற ஆட்சியினின்று விடுபடுதல் உரிமை. ஒரு சுதந்திர நாட்டினின்று அதன் பகுதி பிரிதலோ, உரிமையென்று அளிக்கப்படவும் இல்லை, குற்றமென்று பொதுவாக விலக்கப்படவும் இல்லை. இம்மௌனத்துக்குக் காரணம் காண்டல் அரிதன்று. சர்வதேசச் சட்டத்தை இயற்றியவை நாடுகளே. தன் வீட்டின் சுவரில் வாயில் ஒன்று திறக்கும் திறவுகோலை எந்த வீட்டுக்காரன் பிறர் கையிற் கொடுப்பான்?

இம்மௌனம் முதன்முதலிற் சோதிக்கப்பட்ட இடம் ஓலந்துத் தீவுகள். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே பால்டிக் கடலிற் கிடக்கும் சிறுதீவுக் கூட்டம் அது. அங்குள்ளோர் பேசுவது ஸ்வீடிஷ் மொழி. 1809-இல் ஸ்வீடன் போரில் தோற்றுப் பின்லாந்தை ரஷியப் பேரரசுக்கு விட்டுக்கொடுத்தபோது இத்தீவுகளும் உடன் சென்றன. 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் பின்லாந்து தன் சுதந்திரத்தை அறிவித்தது. பின்லாந்தார் ரஷியாவை விட்டுப் பிரியலாமெனின் யாம் பின்லாந்தை விட்டுப் பிரிந்து எம் தாயகமாகிய ஸ்வீடனோடு சேர்தல் ஏன் ஆகாது என்று தீவினர் கேட்டனர். பின்லாந்து 1920-இல் தீவுகளுக்குத் தன்னாட்சி வழங்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தீவினர் அதனை ஏற்க மறுத்தனர். அவர்தம் தலைவராகிய சுண்ட்ப்ளோம், பியொர்க்மன் என்னும் இருவரையும் இராஜத்துரோகக் குற்றம் சாட்டி அரசாங்கம் சிறைப்படுத்தியது. ஸ்வீடனும் பின்லாந்தும் ஒன்றையொன்று வெகுண்டு நோக்கின. பிரிட்டன் வழக்கைச் சர்வதேச சங்கத்தின் முன் கொணர்ந்தது.

நிரந்தர நீதிமன்றம் அப்பொழுது இன்னும் அமையாமையால், சங்கம் சட்ட வல்லுநர் மூவரைக் கேட்டது. ஒரு மக்கட்பகுதி தன் விருப்பத்தை வெளியிட்ட மாத்திரத்தாலே தான் உட்பட்ட நாட்டினின்று பிரியும் உரிமையைச் சர்வதேசச் சட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அவர்கள் கூறினர். ஆயினும் பின்லாந்து அப்பொழுதுதான் உருவாகிக்கொண்டிருந்த நாடாதலின் இவ்வழக்கைச் சங்கம் விசாரிக்கலாம் என்றனர். பின்னர் நேரிற் சென்று ஆராய வேறு மூவர் நியமிக்கப்பட்டனர். 1921-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர்கள் அளித்த அறிக்கை என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. விரும்பியோர் யாவரும் விரும்பியபோது பிரியலாமெனின் நாடு என்பதன் ஒழுங்கே அழியும் என்று அவர்கள் கண்டித்துரைத்தனர். ஆனால் அதனோடு நிற்கவில்லை. சிறுபான்மையோர்க்கு நியாயமான காப்புக்களை அளிக்க ஒரு நாட்டிற்கு மனமேனும் வலிமையேனும் இல்லையாயின், கடைசி வழியாகப் பிரிவினையைக் கருதலாம் என்றனர். கதவு பூட்டியே இருக்கும். ஆனால் உள்ளே தீப்பற்றினால் அதே கதவு திறக்கப்படும் என்பது போன்றது இது.

1921-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் சங்கத்தின் ஆலோசனைச் சபை, தீவுகள் பின்லாந்துக்கே உரியன என்று தீர்த்தது. தீர்ப்பில் தோற்ற தீவினர் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. அவர்தம் மொழிக்கும் பள்ளிக்கும் நிலத்துக்கும் காப்பு அளிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கையால் தீவுகளிற் படையும் அரணும் இருத்தலாகாது என்றும் விதிக்கப்பட்டது. 1922-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் தீவுகளின் சட்டசபை முதன்முறை கூடியது. அதன் தலைவராக அமர்ந்தவர் யார்? இராஜத்துரோகி என்று சிறைப்பட்ட சுண்ட்ப்ளோம். தீவு அரசாங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் அவருடன் சிறைசென்ற பியொர்க்மன். இருவரும் கேட்டது கிடைக்கவில்லை. கிடைத்ததைக்கொண்டு தம் மக்களுக்கு நெடுங்காலம் பணியாற்றினர். இன்றும் தீவுகளின் ஆட்சிமொழி ஸ்வீடிஷே. பின்லாந்தும் பிளவுபடவில்லை. ஒரு துப்பாக்கிக் குண்டும் இதற்காகச் செலவாகவில்லை.

எல்லா வழக்கும் இவ்வாறு முடிந்ததில்லை. 1967-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் நைஜீரியாவின் கிழக்குப்பகுதி பயாப்ரா என்னும் தனிநாடாகத் தன்னை அறிவித்தது. இக்போ மக்கள் வடபுலத்திற் கொலையுண்டமை அதற்கு முன்னிகழ்ந்த கொடுமை. முப்பது மாதங்கள் போர் நடந்தது. முற்றுகையால் பசி வந்தது. பசியாற் குழந்தைகள் எண்ணிறந்தோர் மாண்டனர். கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டாரும் தம் பழைய வேற்றுமையை ஒதுக்கிவைத்துக் கூடி, சாவோ தோமே தீவிலிருந்து இரவு நேரங்களில் விளக்கணைத்த விமானங்களில் ஊலி என்னும் தளத்துக்கு உணவு கொண்டு சென்றனர். நாடுகள் எல்லையைக் காத்துக்கொண்டிருந்த வேளையில் சபைகள் குழந்தைகளை நினைத்தன. பயாப்ராவை ஏற்றுக்கொண்ட ஆப்பிரிக்க நாடுகள் நான்கே. 1970 ஜனவரியில் அது மறைந்தது. அம்மாதத்திலேயே ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர் ஊ தாண்ட், உறுப்பு நாடொன்றின் பகுதி பிரிந்துபோதலைச் சபை ஏற்றதுமில்லை, இனி ஏற்கப்போவதுமில்லை என்னும் கருத்துப்படப் பேசினார்.

அச்சொல் காற்றில் அடங்குமுன்னரே கிழக்கு வங்காளத்தின் வழக்கு வந்தது. 1970 டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் அவாமி லீக் பாகிஸ்தான் தேசிய சபை முழுவதற்குமே பெரும்பான்மை பெற்றது. சபை கூட்டப்படவில்லை. 1971 மார்ச் 25-ஆம் நாள் இரவு டாக்காவிற் படை இறங்கியது. ரெகொபெயாம் வாலிபர் சொற்கேட்ட அதே கதை! எண்ணற்ற அகதிகள் இந்திய எல்லையைக் கடந்தனர். டிசம்பர் 16-ஆம் நாள் வங்காள தேசம் பிறந்தது. 1974 செப்டம்பரில் அது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராய் அமர்ந்தது. பயாப்ராவுக்கும் வங்காள தேசத்துக்கும் சட்டம் ஒன்றே, முடிவு வேறு. ஒன்றன் படை தோற்றது, மற்றதற்குப் பக்கத்து நாட்டின் படை துணைநின்றது என்பதன்றி வேறு காரணம் உண்டா என்று கேட்பவர்க்கு உடன்படத்தக்க விடை கூறுதல் அரிது. வென்றோரைப் பின்னர் ஏற்றுக்கொள்ளும் சட்டம், துன்புறுவோரை முன்னர் அறிந்துகொள்ளவில்லையே என்பது என் வருத்தம்.

2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் கொசோவோ தன் சுதந்திரத்தை அறிவித்தபோது, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் இம்மௌனத்தைக் கலைக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். 2010-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், நீதிபதிகளுட் பதின்மர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, அவ்வறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று கருத்துரைத்தனர். பிரியும் உரிமை உண்டா என்பதை அவர்கள் ஆராயவே இல்லை. எம்மிடம் கேட்கப்பட்டது அதுவன்று என்று விலகிக்கொண்டனர்.

நாடு பிரிவதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கொடியையும் எல்லைக்கோட்டையும் நினைக்கிறோம். நானோ எங்களூர்க் கல்லறைத் தோட்டத்தை நினைக்கிறேன். எங்கள் ஊர்ச் சபை யான் பிறப்பதற்கு முன்னரே இரண்டாயிற்று. யார்மேற் குற்றம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இரு சாராரும் இன்று ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு ஒருவர் செல்கின்றனர். பிரிந்தோர் தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்றை எழுப்பித் தனியே ஆராதனை நடத்தினர். பாடுவதற்கும் ஜெபிப்பதற்கும் ஒரு தடையும் இல்லை. ஆனால் கோயில் மணி யாருடையது? ஞானஸ்நானப் பதிவேடு யாரிடம் இருக்கவேண்டும்? கல்லறைத் தோட்டத்தை என் செய்வது? என் பாட்டியின் தமக்கை மகன்களோடு புதிய சபைக்குச் சென்றவர். அவர் இறந்தபோது, முப்பதாண்டுகட்கு முன் மாண்ட தம் கணவரின் அருகில் அடக்கம் செய்யவேண்டும் என்பதே அவர் சொல்லிவைத்த ஒரே விருப்பம். பழைய சபையின் கமிட்டியார் கூடிப் பேசி முடிக்கும் வரையில், பிற்பகல் முழுவதும் பெட்டி வீட்டு வாயிலில் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அனுமதி வந்தது. அவரும் கணவரருகிற் கிடக்கிறார். இதனைப் பாட்டி எனக்குச் சொன்னபோது யாரையும் ஏசவில்லை. "பிரியுமுன்னே இதைப் பேசி வைத்திருக்கலாம்" என்று மாத்திரம் சொன்னார்.

அச்சொல்லின் பொருளை யான் விளங்கிக்கொண்டது நார்வேயின் வரலாற்றைப் படித்தபோதுதான். 1905-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் நார்வேயின் சட்டசபை ஸ்வீடனோடு இருந்த இணைப்பு முடிந்தது என்று அறிவித்தது. ஆகஸ்டு 13-ஆம் நாள் எடுத்த குடியொப்பத்தில் பிரிவை ஆதரித்தோர் 3,68,208 பேர். எதிர்த்தோர் 184 பேர். இரு நாட்டிலும் படைகள் ஆயத்தமாயின. ஆயினும் போர் நிகழவில்லை. இரு சாராரும் கார்ல்ஸ்டாட் நகரிற் கூடி, வழக்கு நேர்ந்தால் நடுவர்பாற் செல்வதற்கும், எல்லையோரக் கோட்டைகளை அகற்றுவதற்கும், இருபுறமும் ஓடும் நீருக்கும், எல்லை கடந்து கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் மேய்ச்சலுக்கும் விதிகள் செய்தனர். இரண்டு அரசுகள் பிரியும் பெருநிகழ்ச்சியிற் கலைமானின் மேய்ச்சலையும் எண்ணிப்பார்த்தவரை மெச்சாமல் இருக்க முடியவில்லை. அக்டோபர் 26-ஆம் நாள் ஸ்வீடன் நார்வேயின் சுதந்திரத்தை ஏற்றது.

இதற்கு மாறாக, தென் சூடானை எண்ணுக. இருபதாண்டுக்கு மேற்பட்ட போருக்குப்பின் 2005-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. 2011 ஜனவரியில் நடந்த குடியொப்பத்தில் நூற்றுக்கு 98-க்கு மேற்பட்டோர் பிரிவை வேண்டினர். ஜூலை 9-ஆம் நாள் புதிய நாடு பிறந்தது. கிறிஸ்தவர் மிகுந்த அந்நாட்டின் பிறப்பை உலகெங்கும் திருச்சபைகள் நன்றியோடு கொண்டாடின. ஆனால் அபியெய் என்னும் எல்லைப்புறம் எந்நாட்டைச் சேரும் என்பது முடிவாகவில்லை. அங்கே நிலையாய் வாழும் டிங்கா மக்களும், கோடையில் ஆநிரையோடு வந்து மேய்க்கும் மிஸ்ஸெரியா மக்களுமாகிய இரு திறத்தாருள் வாக்களிக்கத்தக்கவர் யார் என்னும் பிணக்கால், அவ்விடத்துக்கென விதித்த குடியொப்பம் இதுவரை நடந்தேறவில்லை. 2013 டிசம்பரிலோ புதிய நாட்டின் தலைவர்களே தம்முள் பகைத்துப் போர் தொடங்கினர். பிரிதல் ஒன்றே விடுதலையாகாது என்பதை இதனினும் தெளிவாக யார் கூற வல்லார்?

இவ்வழக்குகளுக்குள் சட்ட அறிவு நன்கு பேசியது என்று யான் கருதுவது கனடாவின் கியூபெக் மாகாணத்தைப் பற்றியது. பிரெஞ்சு மொழி பேசுவோர் மிகுந்த அம்மாகாணத்தில் 1980-இலும் 1995-இலும் குடியொப்பம் எடுக்கப்பட்டது. 1995 அக்டோபர் 30-ஆம் நாள் எடுத்ததில் வேண்டாம் என்றோர் நூற்றுக்கு 50.58, வேண்டும் என்றோர் 49.42. அதற்குச் சில நாட்களுக்கு முன், அம்மாகாணத்தின் வடபுலத்துப் பழங்குடியாராகிய கிரீ மக்கள் தமக்குள் தனியே வாக்கெடுத்தனர். அவர்களுள் நூற்றுக்கு 96-க்கு மேற்பட்டோர் கனடாவை விட்டுத் தம்மைக் கொண்டுபோதலாகாது என்றனர். கனடாவினின்று கியூபெக் பிரியலாமெனின் கியூபெக்கினின்று யாம் ஏன் பிரியலாகாது என்பது அவர்கள் வினா. பின்லாந்தாரை நோக்கி ஓலந்தார் கேட்ட அதே வினா அன்றோ இது? பிரிவினை கோரும் எச்சாரார்க்குள்ளும் வேறொரு சிறு சாரார் இருப்பர். அவர்களுக்குள் இன்னுஞ் சிறியோர் இருப்பர். எங்கே நிறுத்துவது என்பதே பெருந்தொல்லை.

1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் கனடாவின் உயர்நீதிமன்றம் தன் கருத்தை வெளியிட்டது. அரசியலமைப்பின்படியோ சர்வதேசச் சட்டத்தின்படியோ தானாகவே பிரிந்துபோகும் உரிமை கியூபெக்குக்கு இல்லை என்றது. அம்மாகாணத்தார் அந்நியர் ஆட்சிக்குட்பட்டவரல்லர். அவர்களுட் பலர் கனடாவின் உயர்ந்த பதவிகளை வகித்தவர் என்று காரணமும் காட்டியது. அவ்வளவோடு நின்றிருப்பின் அது ரெகொபெயாமின் விடையாகவே இருந்திருக்கும். ஆனால் நீதிபதிகள் மேலும் சென்றனர். தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மையோர் ஆம் என்று விடையளிப்பின், மற்றக் கனடியர் அதனைக் கேளாதவர்போல் இருத்தல் ஆகாது. பேச்சுவார்த்தைக்கு உடன்பட்டே ஆகவேண்டும். அப்பேச்சில் சிறுபான்மையோரின் உரிமையும் பழங்குடியாரின் நலமும் எல்லையும் கடனும் பேசப்படவேண்டும் என்றனர். போவதற்கு உரிமை இல்லை. ஆனால் கேட்கப்படுவதற்கு உரிமை உண்டு. என் பாட்டி சொன்னதையே ஒன்பது நீதிபதிகள் கூடி விரிவாகச் சொல்லியிருக்கின்றனர் என்று எனக்குத் தோன்றியது.

இப்பொருள் தமிழ் மக்களுக்குத் தொலைவானதன்று. இந்திய அரசியலமைப்பு இயற்றப்பட்டபோது, 1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், டாக்டர் அம்பேத்கர் இந்தியாவை 'யூனியன்' என்று பெயரிட்டதன் காரணத்தை விளக்கினார். மாகாணங்கள் தம்முள் ஒப்பந்தம் செய்து கூடியதால் உண்டான நாடன்று இது. ஆதலின் பிரிந்துசெல்லும் உரிமை எதற்கும் இல்லை என்பது அவ்விளக்கம். சென்னை மாகாணத்தில் திராவிட நாடு கோரிய இயக்கம் வளர்ந்தது. 1963-இல் அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம் நிறைவேறியபோது திராவிட முன்னேற்றக் கழகம் அக்கோரிக்கையைக் கைவிட்டு, மாநில உரிமைகளுக்காக வாதாடும் வழியை மேற்கொண்டது. 1967-இல் வாக்குச்சீட்டால் ஆட்சிக்கும் வந்தது.

கடலுக்கப்பால் இலங்கையில் நிகழ்ந்தது வேறு. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. அதன்பின் தமிழ்த் தலைவர்களோடு செய்த ஒப்பந்தங்கள் நிறைவேறவில்லை. கூட்டாட்சி கேட்டோர் 1976 மே 14-ஆம் நாள் வட்டுக்கோட்டையிற் கூடித் தனிநாடு வேண்டுமெனத் தீர்மானித்தனர். அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் உயர்கல்விக்கழகம் நிறுவிய வட்டுக்கோட்டை அதுவே. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துத் தந்த சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் கற்ற ஊரும் அதுவே. 1983-இல் ஆறாம் திருத்தம், அமைதியான வழியிற்கூடத் தனிநாட்டை ஆதரித்தல் குற்றம் என்று விதித்தது. வாய் அடைக்கப்பட்ட இடத்தில் துப்பாக்கி பேசியது. 2009 மே மாதத்தில் அது ஓய்ந்தபோது, முள்ளிவாய்க்காலின் மணற்பரப்பில் மாண்டோர்க்கு எல்லைக்கோடு எப்பக்கம் இருந்தாலும் இனி என்ன? கேளாத செவியும், சகோதரர்மேல் எழுந்த படையும், தன் குடிகளையே ஐயுற்ற போராளிகளும் அக்கரையிலும் இருந்தனர் என்று வருத்தத்தோடு எழுதுகிறேன்.

இவையெல்லாம் கருதியபின் என் உள்ளத்தில் நிற்கும் முடிவை இங்கே சுருங்கக் கூறுவேன். பிரிவினை எப்பொழுதும் பாவம் என்று கூறுவாரோடு யான் உடன்படேன். அவ்வாறாயின் வங்காளத்து மக்கள் மார்ச் மாதத்து இரவை என்றென்றும் பொறுத்திருக்கவேண்டும். பிரிவினை எப்பொழுதும் உரிமை என்பாரோடும் உடன்படேன். அவ்வாறாயின் கிரீ மக்களையும் அபியெய் மக்களையும் நாம் மறந்தவர் ஆவோம். நாடு ஒன்றைக் காக்க விரும்புவோர் முதற்கண், நம்மோடு வாழ்வோர் நம்மிடம் கேட்டது யாது, நாம் அளித்த விடை யாது என்று தம்மையே வினவுக. பிரிய விரும்புவோர், நமக்குள் வாழும் சிறியோர்க்கு நாம் கொடுக்கப்போவது யாது, நாம் கேட்கும் அதே நீதியையா என்று தம்மையே வினவுக. இருசாராரும், கல்லறைத் தோட்டத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் பற்றிப் பகை முற்றுமுன் பேசுக. இவ்வினாக்களுக்கு நேர்மையான விடை கிடைக்கும் நாட்டிற் பெரும்பாலும் பிரிவு நேராது. நேரினும் இரத்தம் சிந்தாது.

சர்வதேசச் சட்டம் இன்னும் இளமையானது. ஓலந்து வழக்கு முடிந்து நூறாண்டுகளே சென்றிருக்கின்றன. அது பேச அஞ்சும் இடத்திற் பேசும் துணிவை வருங்காலத்து நீதிபதிகளும் அமைச்சர்களும் பெறுதல் கூடும். அவர்களுட் சிலர் இக்கல்லூரியின் சட்ட மாணவர் மன்றத்திலிருந்தே செல்லவும் கூடும். நாட்டிற்கு எல்லா வளமும் இருப்பினும் ஆள்வோனோடு பொருந்துதல் இல்லையாயின் அவ்வளத்தாற் பயனில்லை என்பது வள்ளுவர் நாடென்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்த கருத்து. அதனைத் தமிழ் வகுப்பிற் கற்றோம். சீகேமிற் கூடிய மக்களின் குரலை வேத வகுப்பிற் கேட்டோம். இரண்டையும் மறவாதிருக்க ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக.